டெஸ்க்டாப் மென்பொருளுக்கு நேட்டிவ் டூல்கிட்டா, கிராஸ்-பிளாட்ஃபார்மா?

பொத்தான், மெனு, உரைப்பெட்டி எல்லாம் தயாராகக் கிடைக்கும் தொகுப்புதான் டூல்கிட். விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளமே தருவது நேட்டிவ். ஒரே நிரலை எல்லாத் தளத்திலும் ஓடவைப்பது கிராஸ்-பிளாட்ஃபார்ம்.

கல்யாணச் சமையல் மாதிரிதான். நேட்டிவ் என்றால் மண்டபத்து அடுப்பிலும் அண்டாவிலுமே சமைப்பது. சுமை இல்லை, ஆனால் மண்டபத்துக்கு மண்டபம் புதிதாகப் பழக வேண்டும். கிராஸ்-பிளாட்ஃபார்ம் வகையைச் சேர்ந்த எலக்ட்ரானோ, சிலிண்டர் முதல் கரண்டி வரை லாரியில் ஏற்றிவரும் குழு. குரோமியம் உலாவியையே கூடத் தூக்கிவருகிறது. குறிப்பெடுக்கும் சின்னச் செயலிகூட 100 எம்பியைத் தாண்டுவது அதனால்தான்.

வித்தியாசம் சில்லறை விஷயங்களில்தான் உறுத்தும். விண்டோஸ் கேள்வி கேட்கும் சின்னப் பெட்டியில் 'சரி' இடப்பக்கம், 'ரத்து' வலப்பக்கம். மேக்கில் வழக்கமாக நேர்மாறு. கை தானாகத் தப்பான பொத்தானுக்குப் போகும்! விஎல்சி பிளேயர் விண்டோஸிலும் லினக்ஸிலும் க்யூட்டி என்ற கிராஸ்-பிளாட்ஃபார்ம் டூல்கிட்டில் ஓடுகிறது. மேக்குக்கு மட்டும் தனி முகம் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு தளம் போதுமென்றால் நான் நேட்டிவ்தான் எடுப்பேன். மூன்றும் வேண்டும், ஆள் குறைவு என்றால் க்யூட்டி.

அப்புறம், கிராஸ்-பிளாட்ஃபார்ம் என்றாலே ஒட்டவைத்த முகம் என்பது தவறு: 1992இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற கிராஸ்-பிளாட்ஃபார்ம் டூல்கிட் பெரும்பாலும் அந்தந்தத் தளத்தின் அசல் பொத்தான்களையே எடுத்துப் போடுகிறது.