ரெண்டு வருசம் போட்ட பேஸ் லேயர் சேட்டு: எறியிறதோ, தேத்தலாமோ?

கோண்டாவிலில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, ரொறன்ரோவில இருக்கிற அக்கா ரெண்டு வருசத்துக்கு முந்தி உடம்போட ஒட்டி உள்ளுக்குப் போடுற ஒரு மெல்லிய பேஸ் லேயர் சேட்டு அனுப்பினவ. முழுக்கை, பொலியெஸ்டரும் கொஞ்சம் எலாஸ்டேனும் (இழுபடுற நூல்) எண்டு லேபிளில கிடக்கு. நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை எண்டு எல்லா இடமும் அதோடதான் போனனான். இப்ப தோய்ச்சுக் காஞ்ச உடன மணம் இல்லை, ஆனா போட்டு அரை மணித்தியாலத்தில நாத்தம் வருது. முந்தி மாதிரி கெதியாக் காயுறதும் இல்லை, வேர்வை முதுகில அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்குது. சேட்டு முடிஞ்சுதோ? அடுத்ததா மெரினோக் கம்பளிச் சேட்டு ஒண்டு அக்காட்டக் கேட்கட்டோ?"

தம்பி, நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் சேட்டு முடியேல்லை, அடைபட்டுப் போய்க் கிடக்கு எண்டுதான் நினைக்கிறன். அடைச்சதும் அனேகமா மலையில்லை, எங்கட கிணத்துத் தண்ணியும் சவுக்காரமும்தான்.

பொலியெஸ்டர் நூல் தண்ணி குடிக்காது. பருத்தி காத்தில இருக்கிற ஈரத்தையே தன்ர பாரத்தில 7, 8 வீதம் அளவில பிடிச்சு வைச்சிருக்கும், பொலியெஸ்டர் 0.4 வீதம்தான். அப்ப வேர்வை எப்பிடி வெளியில போகுது எண்டால், நூலுக்கும் நூலுக்கும் இடையில இருக்கிற சின்னச் சின்ன இடைவெளி வழியா இழுபட்டு மேல் பக்கத்துக்கு வந்து பரவி அங்கயிருந்து காத்தில காயுது, அவ்வளவுதான் இதின்ர வித்தை. அந்த இடைவெளி நிரம்பினாலோ, நூலின்ர மேற்பரப்பில தண்ணியை ஒட்டவிடாத ஏதாவது படிஞ்சாலோ இழுக்கிறது நிண்டு போம். பிறகு நீங்கள் போட்டிருக்கிறது ஒரு பிளாஸ்டிக் சட்டைதான், முதுகில ஒட்டாமல் என்ன செய்யும்?

யாழ்ப்பாணம் முழுக்க சுண்ணக்கல்லுக்கு மேலதான் இருக்கு, கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதுதான். இந்தத் தண்ணியில கட்டிச் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சா, சவுக்காரத்தில இருக்கிற கொழுப்பமிலம் கல்சியத்தோட சேர்ந்து தண்ணியில கரையாத ஒரு பிசுக்காகும். வாளி ஓரத்தில சாம்பல் நிறத்தில வளையம் மாதிரி நிக்கிறதும் அதுதான். பருத்திச் சேட்டெண்டால் கொஞ்சம் மொறமொறப்பாகும், பெரிசாத் தெரியாது. பேஸ் லேயரில அது நேராப் போய் இடைவெளிகளுக்குள்ள குந்தியிடும். அதுக்கு மேல உடம்பு எண்ணெய். பொலியெஸ்டருக்குத் தண்ணி பிடிக்காதே தவிர எண்ணெய் நல்லாப் பிடிக்கும், எண்ணெயும் பிசுக்கும் சேர்ந்தாப் பிறகு பக்டீரியாவுக்கு வேற என்ன வேணும், சாப்பாடும் இருக்கு வீடும் இருக்கு.

காஞ்ச உடன மணம் இல்லாமல், உடம்புச் சூடும் ஈரமும் பட்ட உடன நாறுறதுக்கு இதுதான் காரணம். தோய்க்கேக்க மேல் ஊத்தைதான் போகுது, உள்ள இருக்கிறது அசையாமல் கிடக்குது. 2014ல பெல்ஜியத்தில கென்ட் பல்கலைக்கழக ஆக்கள் 26 பேரை உடற்பயிற்சிச் சைக்கிள் மிதிக்க விட்டு, அவையள் போட்ட ரீசேட்டுகளை ஒரு நாளுக்கு மேல வைச்சிட்டு மணந்து பார்த்தவை. பருத்தியை விட பொலியெஸ்டர்தான் மோசமா மணத்திருக்கு, மணத்தோட தொடர்பிருக்கிற மைக்ரோகொக்கஸ் எண்ட பக்டீரியாவும் பொலியெஸ்டரிலதான் நல்லா வளர்ந்திருக்கு. இதில கவனிக்க வேண்டியது அந்த ஒரு நாள் சும்மா வைச்ச விசயம். நாங்கள் என்ன செய்யிறம்? மலையால இறங்கி ஈரச் சேட்டைக் கழட்டி சொப்பின் பைக்குள்ள சுத்தி பாக்குக்கு அடியில திணிச்சு, ஹற்றனில பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து, நித்திரை கொண்டு எழும்பி அடுத்த நாள் பின்னேரம்தான் அதை வெளியில எடுக்கிறம். அந்த ஆராய்ச்சியை நாங்கள் ஒவ்வொரு பயணத்திலயும் செய்துகொண்டுதான் இருக்கிறம்!

சரி, இப்ப தேத்துற வேலை. முதல்ல ஒரு சோதனை செய்யுங்கோ. காஞ்ச சேட்டை உள்பக்கம் வெளியில வரத் திருப்பி, முதுகுப் பக்கத்தில ஒரு துளி தண்ணி விடுங்கோ. ரெண்டு மூண்டு செக்கனில பரவினால் அந்த இடம் நல்லம், முத்து மாதிரி உருண்டு நிண்டா அடைபட்டுக் கிடக்கு. கமக்கட்டு, முதுகு, பிறகு அவ்வளவா வேர்க்காத கீழ்க்கரை, மூண்டு இடத்திலயும் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்.

பிறகு அஞ்சு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேத்தண்ணிக் கப் வெள்ளை வினாகிரி, 200 மில்லிலீற்றர் அளவு காணும், கலந்து சேட்டை அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கோ. கல்சியப் பிசுக்கை இளக்கிறது இதுதான். நல்லா அலசிப்போட்டு அடுத்த வாளியில இளஞ்சூட்டுத் தண்ணி, கை வைச்சாச் சுடாத 30, 40 பாகைச் சூடு, அதில தோய்க்கிற லிக்விட் விட்டு ஒரு மணித்தியாலம் வையுங்கோ. லிக்விட்தான், கட்டிச் சவுக்காரம் இனி இந்தச் சேட்டுக்குக் கிட்ட வரக்கூடாது. கமக்கட்டுப் பக்கத்துக்கு பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு துளி விட்டு விரலால தேய்ச்சா எண்ணெய் இளகும். ஒக்சிஜன் வகைக் கறை நீக்கி இருந்தா இந்த ரெண்டாவது வாளியில போடலாம், வினாகிரி வாளியில இல்லை, ரெண்டையும் ஒண்டாக் கலந்தா ஒண்டையொண்டு கெடுத்துப்போடும். குளோரின் பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம், அது எலாஸ்டேனைத் தின்னும், வினாகிரியோட சேர்ந்தா நச்சு வாயுவும் வரும், கிணத்தடியில நிண்டு அந்தப் பரிசோதனை தேவையில்லை.

கடைசி அலசல் மழைத் தண்ணியில எண்டால் மெத்த நல்லது. ஐப்பசி கார்த்திகையில பீலித் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற வீடெண்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அதில கல்சியம் இல்லையெண்டே சொல்லலாம். இல்லாட்டி வடிகட்டின தண்ணி ஒரு வாளி. உவர்த் தண்ணிக் கிணறு இருக்கிற தீவுப்பக்கத்து ஆக்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கோ, உப்புப் படிஞ்சா உடுப்பு ஒரு நாளும் முழுசாக் காஞ்ச மாதிரி இராது, தோலையும் உரசும்.

தோய்க்கிற கல்லில அடிக்க வேண்டாம் எண்டு சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன், பிறகு எங்கட அம்மாமாரை நினைச்சு எழுதுறன்: அடிக்க வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். வாசத்துக்கு ஊத்துற சொஃப்ட்னரும் வேண்டாம், அது நூலுக்கு மேல ஒரு கொழுப்புப் பூச்சுப் பூசிவிடுறது, நாங்கள் இவ்வளவு நேரமும் கழட்டினதைத் திரும்பப் பூட்டுற வேலை. மத்தியான வெயில்ல கொடியில போட்டு மறந்துபோறதும் கூடாது. பொலியெஸ்டர் ஓரளவு தாங்கும், எலாஸ்டேனும் நைலோனும் எங்கட வெயிலுக்குத் தாங்காது. விறாந்தையிலயோ மாமரத்து நிழலிலயோ காத்துப் பட விட்டாக் காணும். அயன் பண்ணவே வேண்டாம்.

இதெல்லாம் செய்து காஞ்சாப் பிறகு திரும்ப அந்தத் துளிச் சோதனை. பரவினா இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். சுத்தமாத் தோய்ச்சும் உருண்டு நிக்குதெண்டால் கம்பனி பூசி விட்ட நீர் இழுக்கிற பூச்சு கழண்டு போச்சு, அதை வீட்டில திருப்பி வைக்கேலாது. வெளிச்சத்துக்குப் பிடிச்சு தோள்ப் பக்கத்தையும் பாருங்கோ, பாக் பட்டி உரசுற இடத்தில துணி மெல்லிசாகி வெளிச்சம் கூடத் தெரிஞ்சா அது முடியப்போகுது. இழுத்து விட்டா பழைய அளவுக்கு வராமல் தொங்கினா எலாஸ்டேன் செத்துப்போச்சு. அப்பவும் எறியத் தேவையில்லை, தோட்ட வேலைக்கு வெயில் படாமல் போட நல்ல முழுக்கைச் சேட்டு, ஆனா மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஏன் மலைக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பெண்டால், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் எண்டு வைச்சா, உச்சியில எங்கட ஊரை விட 14, 15 பாகை குளிர். சூரிய உதயம் பார்க்க இரவிரவா ஐயாயிரத்துக்கும் மேல படி ஏறி முழுக்க நனைஞ்சு போய், உச்சியில காத்துக்குள்ள அசையாமல் குந்தியிருக்கேக்கதான் நனைஞ்ச சேட்டு உங்களை விறைக்கப் பண்ணும். நல்லா இழுக்கிற சேட்டெண்டாலும், உச்சிக்குக் கிட்டப் போனதும் அதைக் கழட்டி காஞ்ச ஒண்டைப் போட்டு அதுக்கு மேல ஜக்கெட் போடுறதுதான் என்ர கணக்கில புத்தி. ஒரு விலை கூடின சேட்டை விட ரெண்டு சாதாரண சேட்டு நல்லம்.

சமதரையில இது தேவையோ எண்டு கேட்டா, பெரும்பாலும் இல்லை. செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போறவை பருத்தி வேட்டியோட வெக்கைக்குள்ள கிழமைக்கணக்கா நடக்கினம், பருத்தி ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறது அங்க குளிர்மையாத்தான் இருக்கும். உடம்போட ஒட்டின இறுக்கமான பேஸ் லேயரை யாழ்ப்பாணப் புழுக்கத்துக்குள்ள ஓட்டத்துக்கும் கடைக்கும் எண்டு தினம் போட்டால் சேட்டின்ர ஆயுளைத்தான் செலவழிக்கிறியள்.

இனி மெரினோ. நாத்தம்தான் உங்கட பெரிய பிரச்சினை எண்டால் மெரினோவுக்கு நிகரில்லை, ரெண்டு மூண்டு நாள் போட்டாலும் பெரிசா மணக்காது. தன்ர பாரத்தில மூண்டில ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை நூலுக்குள்ளயே எடுத்தும் உடம்பில ஈரமாத் தெரியாது. ஆனா காயிறது பொலியெஸ்டரை விட ஆறுதல், பாக் பட்டிக்கு கெதியாத் தேயும், சதுர மீற்றருக்கு 120 கிராம் போன்ற மெல்லிய துணியில ஓட்டை விழுறது சாதாரணம். தோய்க்க அப்பச்சோடாவும் கூடாது கட்டிச் சவுக்காரமும் கூடாது, காரம் கம்பளியைக் கெடுக்கும், என்சைம் போட்ட பவுடரும் கம்பளிப் புரதத்தை அரிக்கும். ஊத்தையோட அலுமாரிக்குள்ள வைச்சா பூச்சி வந்து தின்னும், தோய்ச்சு நல்லாக் காயவிட்டு காத்துப் போகாத பைக்குள்ளதான் வைக்கவேணும்.

வருசத்தில ரெண்டு மூண்டு தரம்தான் மலைநாட்டுக்குப் போறதெண்டால் அக்காவைச் செலவழிக்க வைக்க வேண்டாம், முதல்ல ஒரு போத்தல் வினாகிரி வாங்குங்கோ. ஒரே பயணத்தில நாலஞ்சு நாள் தோய்க்க வழியில்லாமல் நடக்கிற ஆளெண்டால் கேளுங்கோ, ஆனா 150 கிராம் அளவில, நைலோன் கலந்து நெய்ததாப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கோ. சைஸ் சொல்லேக்க நெஞ்சு அளவை நாடா வைச்சு அளந்து சென்ரிமீற்றரில சொல்லுங்கோ, கனடாக் கடை மீடியம் எங்களுக்குத் தொங்கும்.