கேளுங்க, சொல்றோம்: ஊருக்கு ஊர் அடிச்ச ஜெர்மன் காசு

கேள்வி: ஒரு பழைய ஜெர்மன் நோட்டு படம் பார்த்தேன். 50 ஃபென்னிக்னு போட்டு, குழல் ஊதறவன் ஒருத்தன் பின்னால எலிக் கூட்டம் போகுது. இது குழந்தைங்க விளையாடற காசா?

பதில்: இல்லீங்க, அசல் காசுதான். ஃபென்னிக்னா ஜெர்மன் மார்க்ல நூத்துல ஒரு பங்கு, நம்ம பைசா மாதிரி. ஹாமெல்ன் ஊரோடது. எலியைப் பிடிச்சுக் கொடுத்தவனுக்கு பேசின கூலியை ஊர்க்காரங்க கொடுக்காம ஏமாத்த, அவன் மறுபடி வந்து குழல் ஊதி 130 பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டான்னு ஒரு கதை இருக்கே, அது நடந்த வருஷம் 1284ன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க. கூலி பாக்கி வெச்ச ஊர்னு உலகத்துக்கே தெரிஞ்ச கதை, அதையே எடுத்து காசுல போட ஒரு தைரியம் வேணும்ல!

இந்த வகைக்கு நோட்கெல்ட்னு பேரு. நம்ம நோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஜெர்மன்ல "நோட்"னா கஷ்டம், நெருக்கடி. நெருக்கடிப் பணம்னு வெச்சுக்கோங்க.

கேள்வி: ரிசர்வ் பேங்க் மாதிரி ஒண்ணு அங்க இல்லையா, ஊருக்கு ஊர் எப்படி காசு அடிச்சாங்க?

பதில்: ரைக்ஸ்பேங்க்னு ஒண்ணு இருந்துச்சு. ஆனா 1914 ஆகஸ்ட்ல முதல் உலகப் போர் ஆரம்பிச்ச உடனே ஜனங்க வெள்ளிக் காசை எல்லாம் வீட்டுக்குள்ள பதுக்கிட்டாங்க, அப்புறம் செம்பு, நிக்கல் எல்லாம் குண்டு செய்யப் போயிருச்சு, கடையில மீதி கொடுக்க சில்லறையே இல்ல. சரின்னு நகராட்சி, ஃபேக்டரி, ஆளாளுக்கு சின்ன சின்ன பேப்பர் அடிச்சு "இதை வெச்சுக்கோ, அப்புறம் வந்து மாத்திக்கோ"ன்னாங்க. அதெல்லாம் பார்க்க ரயில் டிக்கெட் மாதிரி சப்புன்னு இருக்கும்.

போர் முடிஞ்சப்புறம்தான் கூத்தே. இதைச் சேர்த்து வைக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் கிளம்பிருச்சு. ஆல்பத்துக்குள்ள போன நோட்டு திரும்பி வராது, வராத நோட்டுக்கு பணம் கொடுக்க வேண்டியதில்ல, அந்த 50 ஃபென்னிக் ஊருக்கு சுத்த லாபம்! இது புரிஞ்சதும் 1920லேர்ந்து ஒவ்வொரு ஊரும் கலர் கலரா, செட்டு செட்டா, ஒரு கதையை ஆறு நோட்டுல தொடர்கதை மாதிரி பிரிச்செல்லாம் அடிச்சுத் தள்ளுச்சு. நிறைய செட்டு கடை கல்லாவையே பார்த்ததில்ல. 1922 ஜூலையில அரசாங்கம் போதும்னு சட்டம் போட்டு நிறுத்துச்சு.

கேள்வி: இருக்கறதுலேயே உங்களுக்குப் பிடிச்ச செட் எது?

பதில்: நௌம்பர்க். கலரெல்லாம் ரொம்ப இல்ல, கருப்பு நிழல் உருவங்கதான், ஆனா அவ்ளோ உயிரோட இருக்கும். வரைஞ்சது அந்த ஊர்க்காரர் வால்டர் ஹேகே, பின்னால அதே ஊர் தேவாலயத்துச் சிலைங்களைப் போட்டோ எடுத்து பெரிய பேர் வாங்கினவர்.

கதை என்னன்னா, 1432ல ஹுஸைட்ங்கற போஹீமியா (இன்னிக்கு செக் நாடு) மதக் கலகக்காரங்க படை ஊரை வளைச்சுக்குது, தளபதி பேர் புரோகோப், கல்லு மனசுக்காரன். என்ன பண்றதுன்னு தெரியாம பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைங்களுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி நேரா படை முன்னாடி கூட்டிட்டுப் போய் நிறுத்தறார். பிள்ளைங்களைப் பார்த்ததும் அவன் மனசு இளகி, கை நிறைய செர்ரி கொடுத்து அனுப்பிட்டு முற்றுகையை விட்டுட்டுப் போயிடறான். சரித்திரக்காரங்க கேட்டா அந்தப் படை அந்த ஊரை முற்றுகையே போடலைங்கறாங்க. போடாட்டி என்ன, அங்க செர்ரித் திருவிழா இன்னிக்கும் வருஷா வருஷம் நடக்குது!

கேள்வி: பட்டுத் துணியில எல்லாம் பணம் அடிச்சாங்களாமே, நிஜமா?

பதில்: நிஜம். பீலஃபெல்ட் நெசவு ஊரு, லினன் துணிக்குப் பேர் போனது. அந்த ஊர் சேமிப்பு வங்கி பட்டு, லினன், வெல்வெட்னு துணியிலேயே நோட்டு போட்டுச்சு, சிலதுக்கு ஓரத்துல லேஸ் கூட வெச்சாங்க. ஆஸ்டர்வீக் தோல்ல அடிச்சுச்சு. மைசன்ல பீங்கான் காசு. எந்த ஊருக்கு எது தொழிலோ அதையே காசாக்கிட்டாங்க, விளம்பரத்துக்கு விளம்பரமும் ஆச்சு. மெக்லன்பர்க் பக்கம் இன்னும் ஒரு படி மேல, ஃப்ரிட்ஸ் ராய்ட்டர்ங்கற எழுத்தாளர் அவங்க பேச்சு மொழியில எழுதின வரிங்களை நோட்டுல போட்டாங்க, பேரே ராய்ட்டர் காசு.

கேள்வி: வாங்கி வெச்சா விலை ஏறுமா?

பதில்: ஏறாது. சேர்க்கறவங்களுக்காகவே கட்டுக்கட்டா அடிச்ச சாமான், அது எப்படி அபூர்வமாகும்? படம் பிடிச்சிருந்தா வாங்குங்க.

கேள்வி: எல்லாமே இப்படி அழகான கதைங்கதானா?

பதில்: அப்படி நினைச்சுத்தான் நானும் பார்க்க ஆரம்பிச்சேன். போர்ல தோத்து காலனி நாடுங்க கையைவிட்டுப் போன கடுப்புல, அதெல்லாம் எங்களுக்குத் திரும்ப வேணும்னு ஆப்பிரிக்கக் காலனிங்க படம் போட்ட 75 ஃபென்னிக் செட் ஒண்ணு இருக்கு. ஷ்லெஸ்விக் பக்கம் 1920ல டென்மார்க்கா ஜெர்மனியான்னு ஓட்டெடுப்பு நடந்தப்போ நோட்டையே பிரசார நோட்டீஸ் ஆக்கிட்டாங்க. யூதர்களைக் கேவலப்படுத்தற படம் போட்ட நோட்டும் இருக்கு, அதுவும் அதே அழகான கலர்ல, அதே சுத்தமான பிரிண்ட்ல. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் பத்து வருஷம் இருக்கறப்பவே இது பாக்கெட் பாக்கெட்டா சுத்திட்டு இருந்துச்சுன்னு நினைச்சா வயித்தைப் பிசையும்.

கேள்வி: கோடிக்கணக்குல மார்க் போட்ட நோட்டும் இதுதானா? அதுல படம் உண்டா?

பதில்: அதுவும் நோட்கெல்ட்தான், ஆனா 1923. அப்போ ஆல்பம் ஆசை எல்லாம் போயி நிஜமாவே நெருக்கடி. நவம்பர்ல ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். துரிங்கியா மாநில வங்கி ஆகஸ்ட்ல அவசரமா 10 லட்சம், 20 லட்சம் மார்க் நோட்டு வேணும்னு பௌஹௌஸ் கலைப்பள்ளி மாணவர் ஹெர்பர்ட் பேயர்கிட்ட கொடுத்துச்சு, வயசு 23. அவர் எலி, செர்ரி, கோட்டை எதுவும் போடல, பட்டையா எழுத்து, பெருசா நம்பர், அவ்வளவுதான். இன்னிக்கு டிசைன் படிக்கறவங்க அதைக் கொண்டாடறாங்க. மத்த ஊருங்களுக்கு அந்த நேரமும் இல்ல, அச்சடிக்கற வேகத்துல நிறைய நோட்டுக்கு ஒரு பக்கம்தான் அச்சு, திருப்பிப் பார்த்தா வெறும் பேப்பர்.