மூட்டை இறக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு

கேள்வி: எனக்கு 42 வயது. சிமெண்ட் கிடங்கில் லோடுமேன் வேலை. மூன்று வாரங்களுக்கு முன், அதிகாலையில் வந்த லாரியிலிருந்து மூட்டையை வாங்கித் திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது வலி இடது தொடையின் பின்புறமாகக் கணுக்கால் வரை இறங்குகிறது. படுத்தே இருக்க வேண்டுமா? பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் கடைசி இரண்டு ஜவ்வுகளில் ஒன்று பிதுங்கிக் காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்துவதாகவே தோன்றுகிறது, ஆனாலும் நேரில் பரிசோதித்தே உறுதி செய்ய வேண்டும். இத்தகைய வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சையின்றியே தணிந்துவிடுகிறது. படுத்தே கிடப்பது தசைகளைத் தளர்த்திக் குணமாவதைத் தாமதப்படுத்தும் என்பதால், வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடமாடுங்கள். வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

ஒன்றை மட்டும் தினமும் கவனியுங்கள். குதிகாலை ஊன்றி நடக்கும்போது இடது பாதத்தின் முன்பகுதி தொங்கினாலோ, செருப்பு உங்களுக்குத் தெரியாமலே கழன்று விழுந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறினாலும், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலும், இரண்டு கால்களும் பலமிழந்தாலும் அன்றே, இரவானாலும், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மூட்டையின் 50 கிலோ மட்டும் இதற்குக் காரணமில்லை. முதுகுத் தசைகள் முதுகெலும்பின் மையத்துக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இருந்து இழுக்கின்றன. மூட்டையை 50 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், அதைத் தாங்க அந்தத் தசைகள் எடையைப்போல் பத்து மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. வயிற்றோடு அணைத்துக்கொண்டால் இது பாதியளவுக்குக் குறைகிறது. கால்களை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்புவது ஜவ்வின் பின்பக்கத்தை மேலும் நெரிக்கிறது. இரவில் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும் ஜவ்வுக்கு, எழுந்தவுடன் குனிந்து தூக்குவது கூடுதல் ஆபத்து. உங்களுக்கு அதிகாலையில் நேர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை. அதை நம்பி இப்போது மூட்டை தூக்காதீர்கள். கால்வலி தணிந்தபின்னும் முதல் சில வாரங்களுக்கு எடை குறைந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். லாரித் தட்டும் நீங்கள் மூட்டையை வைக்கும் இடமும் இடுப்பு உயரத்தில் அமையும்படி மேடையோ, தள்ளுவண்டியோ ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு.

அடி வேலையிடத்தில் பட்டது என்பதை, தேதியோடு, மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பலனோ, அதில் சேராதவருக்குச் சட்டப்படியான இழப்பீடோ கோரும்போது அந்தச் சீட்டு உங்களுக்குத் தேவைப்படும்.