குழுப் பட்டியல் வாசிக்கப்படும் அந்தப் பத்து நிமிடம்

கொழும்பை அண்டிய ஒரு சபையின் செயலகத்தில் 27 ஆண்டுகள் குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதியவள் என்ற முறையில் வாசகர் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வருகிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழுக்களைப் பற்றியவை. மேயர் யார், தவிசாளர் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குழுவில் யார் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காகவே இந்த வாரம் முழுவதையும் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் கான் நிரம்பி வாசல்வரை வருகிறது. நாங்கள் வாக்களித்துத் தெரிவான உறுப்பினரிடம் போனால், "நான் அந்தக் குழுவில் இல்லை" என்கிறார். இந்தக் குழுக்களை யார் நியமிக்கிறார்கள்? மேயரா? (வெள்ளவத்தை வாசகி)

இல்லை அம்மா. நியமிப்பது சபை. கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கானையும் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் 117 பேரும் கூடிப் பேசினால் விடிந்துவிடும். அதனால் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிலையியற் குழுக்களும், ஏதாவது ஒரு குறிப்பிட்ட விடயத்துக்கென விசேட குழுக்களும் அமைக்கப்படுகின்றன. நிதி, சுகாதாரம், வேலைகள் என்று விடயங்கள் அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். குழு ஆராய்ந்து சிபாரிசு செய்யும். அது பொதுக் கூட்டத்துக்கு வரும்.

சட்டம் சொல்வது இது. நடப்பதையும் சொல்கிறேன். கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சபையிலுள்ள கட்சிகளின் தலைவர்கள் தமக்குள் பேசி ஒரு பட்டியலைத் தயாரித்துவிடுவார்கள். கூட்டத்தில் ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், எதிர்ப்பு இல்லையென்றால் பட்டியல் நிறைவேறிவிடும். நான் இருந்த சபையில் இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த ஆண்டு முழுவதும் எந்தக் கோப்பு யாருடைய மேசைக்குப் போகும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். இடங்களைவிடப் பெயர்கள் கூடினால்தான் வாக்கெடுப்பு.

கொழும்பில் இது முன்னெப்போதையும்விட முக்கியம். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதிக இடங்களைப் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கே 48தான். ஜூன் 16ஆம் திகதி மேயர் தெரிவு 61க்கு 54 என்ற வாக்குகளில் முடிந்தது. இவ்வளவு நெருக்கமான சபையில் ஒரு குழுவில் ஒரேயொரு பெயர் மாறினாலும் முடிவு மாறலாம்.

இனி உங்கள் கானுக்கு வருவோம். "நான் அந்தக் குழுவில் இல்லை" என்பதோடு உங்கள் உறுப்பினரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. குழுவில் இல்லாதவரும் பொதுக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், பிரேரணை கொண்டுவரலாம், குழுத் தலைவருக்கு எழுதலாம். ஆனால் அதற்கு முன் கான் யாருடையது என்று நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பெரிய கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. உள் ஒழுங்கையின் கான் சபையுடையது. ஒழுங்கையின் பெயர், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள வீட்டிலக்கம், எத்தனை நாளாக என்ற விவரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். "எங்கள் பகுதியில் வடிகால் பிரச்சினை" என்று மட்டும் எழுதிய கடிதங்கள் கோப்புக்குள்ளேயே மக்கிப்போனதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் நூலகக் குழுவிலும் கலாசாரக் குழுவிலும்தான் இருக்கிறார்கள். நிதிக் குழுவில் ஒருவரையும் காணவில்லையே? (கொட்டாஞ்சேனை வாசகர்)

நீங்கள் கேட்டிருக்காவிட்டாலும் இதை ஒரு நாள் எழுதியிருப்பேன். 2017இல் திருத்தப்பட்ட தேர்தல் சட்டம் சபை ஆசனங்களில் 25 சதவீதத்தைப் பெண்களுக்கு உறுதிசெய்தது. 2018 பெப்ரவரித் தேர்தல் அதன்படி நடந்தது. ஆனால் ஆசனத்தோடு அது நின்றுவிடுகிறது. குழுக்களில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று அந்த ஒதுக்கீடு சொல்லவில்லை.

2018இல் எங்கள் சபைக்கு ஒரு தமிழ்ப் பெண் உறுப்பினர் வந்தார். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதியவர். பேரேட்டில் ஒரு வரி பிசகினால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்டுபிடித்துவிடுவார். குழுப் பட்டியலின் கைப்பிரதி தட்டச்சுக்காக என்னிடம் வந்தது. நிதிக் குழுவின் கீழ் ஐந்தாவது பெயராக அவருடைய பெயர் பென்சிலால் எழுதப்பட்டு, அழிரப்பரால் அழிக்கப்பட்டிருந்தது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தின் பள்ளம் தெரிந்தது. அதன்மேல் வேறொரு பெயர் நீலப் பேனாவில் இருந்தது. அவருடைய பெயரை நூலகக் குழுவுக்கு மாற்றியிருந்தார்கள். தட்டச்சு செய்வது என் வேலை, செய்தேன். அந்தப் பள்ளம் இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது.

கூட்டத்தன்று பட்டியல் சிங்களத்தில் மட்டும் விநியோகிக்கப்பட்டது. அவர் பக்கத்து ஆசனத்துக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாசித்தார். பிறகு எழுந்து, "கணக்கு எனக்குத் தெரியும். நிதிக் குழுவுக்கு என் பெயரையும் சேர்க்கக் கேட்கிறேன். பட்டியலைத் தமிழிலும் தரவில்லை என்பதையும் குறிப்பில் பதியுங்கள்" என்றார். யாரும் ஆமோதிக்கவில்லை. பட்டியல் அப்படியே நிறைவேறியது. அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் கூட்டறிக்கையில் எழுதினேன். எழுதும் அதிகாரம் மட்டும்தான் என்னிடம் இருந்தது. அடுத்த ஆண்டு குழு நியமனத்தின்போது வேறு கட்சி உறுப்பினர் ஒருவர் அந்தக் கூட்டறிக்கையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய பெயரைப் பிரேரித்தார். இந்த முறை இரண்டு பேர் ஆமோதித்தார்கள்.

ஆகவே, பெண் உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இது: விரும்பும் குழுவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததைப் பதியச் சொல்லுங்கள். நூலகக் குழு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. கொழும்புப் பொது நூலகத்தில் படித்து முன்னேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் அந்த நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் பணமும் நிதிக் குழுவைத் தாண்டித்தானே வர வேண்டும்? ஆயிஷா ரவூப் 1950களிலேயே இந்த நகரத்தின் துணை மேயராக இருந்தவர். 2018இல் ரோசி சேனாநாயக்க, 2025இல் வ்ராய் கெலி பல்தசார் என்று இரண்டு பெண்கள் மேயராகிவிட்டார்கள். குழு அறைக்குள் மட்டும் ஏன் இன்னும் தயக்கம்?

கேள்வி: கொழும்பு மேயராகத் தமிழர் எவராவது இருந்திருக்கிறாரா? (மட்டக்குளி மாணவி)

இருந்திருக்கிறார் பிள்ளை. முதல் மேயரே தமிழர்தான்: டாக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து, 1937. சரவணமுத்து விளையாட்டரங்கு அவர் பெயரில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள்; அது அவருடைய சகோதரர் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியியலாளர். தேர்தலில் நிற்கும் எண்ணம் இல்லை. சபையின் குழுவொன்றில் என்னைப் போன்றவர்கள் இருக்க வழியுண்டா? (வத்தளை வாசகர்)

உண்டு ஐயா. நீங்கள் வசிப்பது பிரதேச சபை எல்லைக்குள் என்றால் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வத்தளையில் நகர சபையும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. உங்கள் சோலைவரிப் பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் என்று முதலில் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, குழுக்களை உறுப்பினர்களை மட்டும் கொண்டும் அமைக்கலாம், உறுப்பினர்களோடு அப்பகுதி வாசிகளையும் சேர்த்தும் அமைக்கலாம். நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்பச் சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று நான்கு குழுக்களைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்களுக்குரியது தொழினுட்பச் சேவைகள் குழு.

இவை ஆலோசனைக் குழுக்கள். தீர்மானம் எடுப்பது சபைதான். அதனால் பயனில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பீட்டில் ஒரு மதகின் அகலம் குறைவாகப் போடப்பட்டிருப்பதை வேலை தொடங்குமுன் சுட்டிக்காட்ட ஒரு பொறியியலாளர் அந்த மேசையில் இருந்தால், அடுத்த மழைக்கு ஒரு தெரு தப்பும். செயலாளருக்கு ஒரு கடிதம், உங்கள் தகைமையும் ஓய்வுபெற்ற பதவியும் இரண்டே பந்திகளில். பிரதியைத் தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் அனுப்புங்கள். சபை தானாகத் தேடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். வாசிகளைச் சேர்க்கலாம் என்ற அந்த வரியைப் பல உறுப்பினர்கள் வாசித்ததேயில்லை.

கேள்வி: ஒரு சபையின் குப்பை இன்னொரு சபையின் எல்லைக்குள் போகிறது. அதை முடிவுசெய்யும் இடத்தில் எங்கள் சார்பில் இருப்பது யார்? (தெமட்டகொடை வாசகர்)

மீதொட்டமுல்லையின் பக்கத்தில் வசிப்பவர் கேட்கும் கேள்வி இது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுப் பிற்பகல். கொழும்பு நகரின் குப்பை கொலன்னாவைப் பக்கம் மலையாகக் குவிந்து, சரிந்து, வீடுகளை மூடி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். குப்பை ஒரு நகரத்துடையது, செத்தவர்கள் அதற்கு அப்பால் வாழ்ந்தவர்கள். குப்பை போட்டவர்களும் அதன் நிழலில் வாழ்ந்தவர்களும் சம உரிமையோடு உட்கார்ந்து பேசும் மேசை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

இன்று கொழும்பின் குப்பை கெரவலப்பிட்டியவில் எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. 10 மெகாவாட் நிலையம், 2021இல் தொடங்கியது. அதுவும் வத்தளைப் பக்கம், கொழும்பு எல்லைக்கு வெளியே. மேல் மாகாணத்தில் கழிவு முகாமைத்துவத்துக்கென மாகாண அதிகார சபையொன்று இருக்கிறது. அதைத் தவிர மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, பிரதேச செயலக மட்டத்தில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு. கொழும்பு மாநகர சபைப் பகுதி மட்டுமே கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்களாகப் பிரிந்திருக்கிறது. இந்தக் கூட்டங்களுக்கு உங்கள் சபையின் சார்பில் போவது மேயரோ தவிசாளரோதான், பதவி வழியாக. வட்டார உறுப்பினர் போவதில்லை. ஆகவே கேட்க வேண்டியது ஒன்று: அங்கே போய்வந்தவர் என்ன பேசினார், எதற்குச் சம்மதித்தார் என்று அடுத்த பொதுக் கூட்டத்தில் அறிக்கை வைத்தாரா? வைக்கவில்லையென்றால் உங்கள் உறுப்பினர் அதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். அவரை எழுப்ப வைப்பது உங்கள் வேலை.

கேள்வி: எங்கள் சபையின் குழுக்களில் யார் யார் என்று கேட்டால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். தமிழில் எழுதிக் கேட்டால் பதில் வருமா? (கிராண்ட்பாஸ் வாசகி)

வர வேண்டும் அம்மா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தருக்கு என்று முகவரியிட்டு இப்படி எழுதினால் போதும்:

"நடப்பாண்டில் இச்சபையின் நிலையியற் குழுக்கள், விசேட குழுக்கள் ஒவ்வொன்றிலும் உள்ள உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலையும், அவர்களை நியமித்த பொதுக் கூட்டத்தின் கூட்டறிக்கைப் பிரதியையும், கடந்த ஆறு மாதக் குழுக் கூட்டங்களின் வரவுப் பதிவுப் பிரதியையும் தருக."

வரவுப் பதிவை மறக்காமல் கேளுங்கள். பட்டியலில் பெயர் இருப்பதும் கூட்டத்தில் ஆள் இருப்பதும் ஒன்றல்ல. கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் வருமுன் எழுந்து போனவர்களையும் நான் அறிவேன். கையொப்பமே இல்லாத கட்டங்கள் அதைவிட அதிகம்.

தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைக் கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூல ஒப்புதல் தருவது அவர்களின் கடமை. திகதியும் கையொப்பமும் இட்ட அந்தத் துண்டு கைக்கு வரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.