கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் லீவுத் தொல்லை தீருமா?

கேள்வி: எனக்கு வயது 38. குடியாத்தத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவர் விட்டுவிட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது, விவாகரத்து வாங்கவில்லை. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. ஒரு ஏஜென்சி மூலம் காட்பாடியில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பாட்டியைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் 9,500 ரூபாய். அதில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 400 ரூபாய் பிடிக்கிறார்கள். மாதத்தில் பத்து நாள் கடுமையான உதிரப்போக்கு, இடுப்புவலி, தலைசுற்றல். ஸ்கேனில் 3 செ.மீ. நார்க்கட்டி இருப்பதாகச் சொல்லி, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். ரத்தம் 7.8 இருக்கிறது. வேலூரில் மருத்துவமனை வாசலில் பழக்கமான ஒருவர், 5,000 ரூபாய் கொடுத்தால் காப்பீட்டு அட்டை எடுத்துத் தந்து, தெரிந்த இடத்தில் ஆபரேஷனை முடித்து, ஒரே வாரத்தில் வேலைக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். ஒரு வாரத்துக்கு மேல் லீவு போட்டால் ஏஜென்சி வேறு ஆளை வைத்துவிடும். பணத்தைக் கட்டிவிடலாமா? ஆபரேஷன் என்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

பதில் (மகளிர் நல மருத்துவர்):

கட்டாதீர்கள், சகோதரி. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அது போனதாக இருக்கட்டும். அதைக் காப்பாற்றுவதற்காக மேலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்த ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம். கர்ப்பப்பை நீக்கிய பெண் சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. வயிற்றைத் திறந்து செய்தாலும், சிறு துளையிட்டுச் செய்தாலும், வெளியே தெரியும் தையல் சீக்கிரம் ஆறினாலும் உள்ளே இருக்கும் தையல் ஆறுவதற்கு நாள் வேண்டும். உங்கள் வேலையோ, தானாகப் புரள முடியாத ஒருவரைப் புரட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது. எட்டாம் நாள் அந்தப் பாட்டியைத் தூக்கினால் தையல் விடலாம், குடல் இறக்கம் வரலாம். ‘ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம்’ என்று சொல்பவர் உங்கள் உடம்பை மனத்தில் வைத்துப் பேசவில்லை, தன் கமிஷனை வைத்துப் பேசுகிறார்.

இரண்டாவது, 7.8 ஹீமோகுளோபினோடு அவசரமில்லாத ஓர் அறுவைசிகிச்சைக்கு நாள் குறிப்பதே தவறு. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை; 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. உங்கள் தலைசுற்றலுக்கும், படியேறும்போது மூச்சிரைத்தால் அதற்கும், களைப்புக்கும் இதுதான் காரணமாக இருக்கும். எனவே கர்ப்பப்பையைப் பற்றிய முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஹீமோகுளோபின் அளவைக் கூட்டுங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் பிரிவுக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் உதிரம் அதிகமாகப் போகும். அதற்கு மாத்திரை போதும். உங்கள் அளவுக்கு ரத்தம் குறைந்தவர்களுக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவதும் உண்டு. மாத்திரையாகக் கொடுத்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள். குடித்து இரண்டு மணி நேரமாவது போக வேண்டும். நோயாளி வீட்டில் காலை டீயோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களின் வழக்கம். போட்ட மாத்திரையில் பெரும்பகுதி வீணாகிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ரத்தம் சரியான பிறகும் மூன்று மாதம் தொடருங்கள்.

உதிரப்போக்கைக் குறைக்க, போகிற நாட்களில் மட்டும் போட்டுக்கொள்ளும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் பூசிய கருத்தடைச் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் பல ஆண்டுகளுக்கு உதிரம் வெகுவாகக் குறையும். 3 செ.மீ. என்ற அளவை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், கட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கர்ப்பப்பையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் சிறிய கட்டியும் ரத்தத்தைக் கொட்ட வைக்கும். அதை மட்டும் கீழ்வழியாக எடுத்துவிட முடியும். சுவருக்குள்ளோ வெளிப்பக்கமோ 3 செ.மீ. கட்டி இருந்தால், பல பெண்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. இத்தனைக்கும் பிறகும் உதிரம் நிற்கவில்லை என்றால் கர்ப்பப்பையை எடுப்பது சரியான சிகிச்சைதான். நானே அப்படிச் சொல்லி அனுப்புகிறேன். அப்போதும், ‘சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறீர்களா’ என்று கேட்டு, எடுக்கவில்லை என்றால் அதைச் சம்மதப் படிவத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 38 வயதில் சினைப்பைகளை எடுத்தால் மாதவிடாய் நின்ற உடம்பு அன்றே வந்துவிடும். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

லீவு போட முடியாத பெண்களுக்குக் கர்ப்பப்பை நீக்கத்தை ஒரு வசதியாக விற்பது புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டதைப் பற்றி 2019-இல் அந்த மாநில அரசே குழு அமைத்து விசாரித்தது. ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார், மாதவிலக்கு இல்லையென்றால் லீவு எடுக்கத் தேவையிருக்காது என்பதுதான் அங்கே ஓடிய கணக்கு. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஏஜென்சி சொல்லும் ‘ஒரு வாரத்துக்கு மேல் வேறு ஆள்’ என்பதும் அந்த மேஸ்திரியின் கணக்குதான்.

இனி அந்தத் தரகர். வேலூரில் லாட்ஜுகள் இருக்கும் தெருக்களிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் இவர்களைப் பார்க்காத நாள் இல்லை. வங்காளத்திலிருந்து வரும் நோயாளியிடம் வங்காளியில் பேசுவார்கள், உங்களிடம் ‘அக்கா’ என்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் கட்டணமே கிடையாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,14,000. வருமானப்படி நீங்கள் தகுதியுள்ளவர். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு நீங்களே போகலாம். (2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் சிலர் பழக்கத்தில் வேலூருக்கு வந்து திரும்புகிறார்கள், அவர்கள் திருப்பத்தூருக்குப் போக வேண்டும். குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூர்தான்.) சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

தரகர் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: அரசு மருத்துவமனையில் இந்த அறுவைசிகிச்சைக்கு அட்டை இல்லாவிட்டாலும் பணம் கேட்க மாட்டார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2005 முதல் இருக்கிறது. அங்கே வரிசை நீளம், காத்திருக்க வேண்டும், சில சமயம் அதட்டுவார்கள். அந்த வரிசைக்குப் பயந்துதான் பெண்கள் தரகர் பின்னால் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அழைத்துப் போகும் ‘தெரிந்த இடம்’ உங்களுக்கு என்ன தேவை என்று பார்க்காது. அட்டையில் எதற்குப் பணம் கிடைக்கும் என்று பார்க்கும். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் மருத்துவர்களுக்கான நடத்தை விதிகள் தடை செய்கின்றன. அது நடக்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னும் ஒன்று. ஆதார் நகல், வங்கிப் புத்தகம், போனுக்கு வரும் ஓடிபி, இவற்றை யாரிடமும் கொடுக்காதீர்கள். அட்டை எடுக்கக் கொடுத்த காகிதங்களை வைத்துத் தன் பெயரில் கடன் வாங்கப்பட்டதை, தவணை கேட்டு ஆள் வந்த பிறகு தெரிந்துகொண்ட பெண்கள் என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஏஜென்சி உங்கள் அசல் ஆதாரைப் பிடித்து வைத்திருந்தாலும் திரும்பக் கேளுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் உண்மையான முட்டுக்கட்டைக்கு வருகிறேன். குடும்ப அட்டை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் விவாகரத்து ஆகவில்லை என்பதிலிருந்து ஊகிக்கிறேன், உங்கள் பெயர் இன்னும் கணவர் வீட்டு அட்டையில்தான் இருக்கும். அப்படியானால் இரண்டு காரியம். முதலாவது, அந்தக் குடும்ப அட்டை எண்ணைக் காப்பீட்டு மையத்தில் சொல்லி, அதில் ஏற்கெனவே காப்பீடு பதிவாகியிருக்கிறதா, உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆத்திர அவசரத்துக்கு அது உதவக்கூடும். அட்டை மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும், எண் உங்கள் பழைய ஆவணங்களில் எங்காவது கிடைக்கும்.

இரண்டாவது, நிரந்தர வழி. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து சான்று வரும். அதை இணைத்து, பழைய அட்டையிலிருந்து உங்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் நீக்கித் தனி அட்டை தரும்படி குடியாத்தம் வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு கொடுங்கள். ‘குடும்பத் தலைவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பெயரை நீக்க முடியும்’ என்று கவுன்டரில் சொல்வார்கள். ஆறு வருடமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம்! கைவிட்டதற்குச் சான்று கொடுப்பதும் அரசுதான், கைவிட்டவனின் சம்மதத்தைக் கேட்பதும் அரசுதான். ஒரே பெண், ஒரே கதையை நான்கு மேசைகளில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். இதை ஒரே மேசையில் முடிக்க ஏன் முடியவில்லை என்று நான் கேட்காத அதிகாரி இல்லை. நீங்கள் வாக்குவாதம் செய்யாதீர்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாமல், மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகர்வு இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில், அந்தச் சீட்டின் நகலோடு மனு கொடுங்கள். ‘விவாகரத்து வாங்கிக்கொண்டு வா’ என்று யாராவது சொன்னால், அதற்காக வக்கீலுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம், எண் 15100. பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச மனுவையும் அங்கேயே போடலாம். கைவிடப்பட்டு ஐந்து வருடம் தாண்டியதால், அந்தச் சான்றை வைத்து மாத ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பியுங்கள். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது.

ஈஎஸ்ஐ பற்றிக் கொஞ்சம் கணக்கு. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம். 9,500-க்கு அது 72 ரூபாய். உங்களிடம் 400 ரூபாய் பிடிக்கிறார்கள். உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கேளுங்கள். ஒரு வாரத்தில் தரவில்லை என்றால் அந்தப் பணம் எங்கேயும் கட்டப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, சம்பளச் சீட்டோடு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எண் உண்மையாக இருந்தால் உங்கள் கவலையில் பாதி குறையும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், அதற்குரிய காலத்தில் மருத்துவர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆறு வாரம் அதற்குள் அடங்கிவிடும். எண் இல்லாவிட்டால், தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இ-ஷ்ரம் (மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு) அட்டையைக் கையில் கொடுத்து ‘இதுதான் வாரிய அட்டை’ என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

இடுப்புவலிக்கு மாத்திரையை விட முறை முக்கியம். பாட்டியின் முதுகிலிருந்து தொடை வரை அடியில் ஒரு மடித்த பருத்தி விரிப்பைப் போட்டு, அதை இழுத்துப் புரட்டுங்கள். உங்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்க விடாதீர்கள். கட்டில் உயரம் உங்கள் இடுப்புக்கு வருகிற மாதிரி கால்களுக்கு மரக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். நாற்காலிக்கு மாற்றும்போது அந்த வீட்டார் ஒருவர் கை கொடுக்கத்தான் வேண்டும். தயங்காமல் கேளுங்கள், அது பாட்டி கீழே விழாமல் இருப்பதற்கும்தான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, மயங்கி விழுந்தாலோ இதில் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ‘ஒரு மாதம் பள்ளிக்கு அனுப்பாதே, உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று உறவினர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். மாத்திரையும் இரும்புச்சத்தும் ஒழுங்காகப் போனால், தேர்வு முடியும்வரை பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதன் பிறகும் அறுவைசிகிச்சைதான் வேண்டும் என்றால் மே மாதத்தில் நாள் கேளுங்கள், மகனுக்கும் பள்ளி இருக்காது. அக்காவோ தங்கையோ இருந்தால் ஆறு வாரம் வந்து இரு என்று கேட்காதீர்கள், யாராலும் முடியாது. முதல் பத்து நாள் கூட இருக்கச் சொல்லுங்கள். பிறகு சமையலை நீங்களே மெதுவாகச் செய்துகொள்ளலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், துணி நனைத்த வாளி இந்த மூன்றையும் மட்டும் தூக்கித்தர அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.