தவக்காலம் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தவக்காலம்னா ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நோன்புக் காலம், நெத்தியில சாம்பல் பூசுற விபூதிப் புதன்ல ஆரம்பிக்கும். இந்த 2026ல விபூதிப் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. சிங்கப்பூர்ல எங்க கோவில் பங்குல ரொம்ப காலமா மறைக்கல்வி எடுக்குறேன், அதனால ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துல வாட்ஸ்அப்புல கேள்வி குவியும், இந்த தடவ எல்லாத்தையும் இங்கயே கேட்டுடுங்க. எனக்கு தெரிஞ்சது கத்தோலிக்க முறை, மத்த சபைக்காரங்க உங்க போதகர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கேள்விக்கு முன்னாடி ஒண்ணு: சுகர், பிரஷர், கேஸ்ட்ரிக்னு மாத்திரை எடுக்குறவங்க முதல்ல டாக்டர கேளுங்க, அப்புறம் என்னை கேளுங்க.

செங்காங் ஜெனி: ஆன்ட்டி, நாப்பது நாள்னு சொல்றாங்க ஆனா காலண்டர்ல எண்ணுனா 46 வருதே?

நடுவுல ஆறு ஞாயிறு வருதும்மா, அத கழிச்சுட்டா 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்னைக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது. நோவா காலத்து மழை 40 நாள், மோசே சீனாய் மலையில 40 நாள், எலியா ஓரேபு மலைக்கு நடந்தது 40 நாள், இயேசு பாலைவனத்துல 40 நாள். அந்த வரிசையிலதான் நம்மளும் போய் நிக்கிறோம்.

துவாஸ் சகாயம்: வணக்கம் அக்கா. ஷிப்யார்ட்ல வேலை, டார்மிட்டரில இருக்கேன். கேட்டரிங் சாப்பாடுதான், வெள்ளிக்கிழமை பாதி நாள் கோழி வந்துடுது. வெயில்ல வேலை, ஒருசந்தி இருந்தா மயக்கம் வருது. ஊர்ல அம்மா போன் பண்ணி நோன்பு இருக்கியான்னு கேக்குறாங்க, இல்லன்னு சொல்ல மனசு கஷ்டமா இருக்கு.

தம்பி, உங்க கேள்விக்குத்தான் இன்னைக்கு நிறைய எழுதப் போறேன், பொறுமையா படிங்க. ஒருசந்தி வேற, சுத்தபோசனம் வேற. ஒருசந்தின்னா நாளைக்கு ஒரு முழு சாப்பாடு, அதோட ரெண்டு சின்ன சாப்பாடு, அந்த ரெண்டும் சேர்ந்து ஒரு முழு சாப்பாட்ட தாண்டக்கூடாது. இது வருஷத்துல ரெண்டே நாள், விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும், அதுவும் 18 வயசுலேர்ந்து 59 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு. சுத்தபோசனம்னா இறைச்சிய விடுறது, அது அந்த ரெண்டு நாளும் தவக்கால வெள்ளிக்கிழமைங்களும், 14 வயசு முடிஞ்சவங்க எல்லாருக்கும். நாப்பது நாளும் பட்டினி கிடக்கணும்னு உங்களுக்கு யாரும் சட்டம் போடல.

இப்ப உங்க விஷயம். உடம்ப முறிச்சு வேலை செய்யறவங்களுக்கு ஒருசந்தியிலேர்ந்து விலக்கு உண்டு, இது திருச்சபையில காலங்காலமா இருக்கு, நான் புதுசா சொல்லல. கிரேனுக்கு கீழயும் சாரத்து மேலயும் நிக்கிற ஆளு தலை சுத்தி விழுந்தா அது தவம் இல்ல தம்பி, ஆபத்து, உங்களுக்கும் பக்கத்துல நிக்கிறவனுக்கும். தண்ணி குடிக்காம இருக்கறதுங்கறது கத்தோலிக்க ஒருசந்தியில கிடையவே கிடையாது, நல்லா குடிங்க.

கோழி விஷயத்துக்கு வர்றேன். உங்க பொட்டலம் விடியறதுக்கு முன்னாடியே கட்டி வந்துடும், மதியம் வரைக்கும் பையோட கம்பியில தொங்கும், திறந்து பாத்தா சோறு, கொஞ்சம் கோஸ் பொரியல், குழம்புல ரெண்டு துண்டு கோழி, இதுதானே? துண்ட எடுத்து கூட வேலை பாக்குறவருக்கு குடுங்க, மிச்சத்த சாப்பிடுங்க. குழம்பு பட்டுடுச்சேன்னு கவலையே படாதீங்க. 1966ல பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு விதிமுறைய திருத்தினப்பவே, தடை இறைச்சிக்குத்தான், முட்டை பாலுக்கோ, மிருகக் கொழுப்பு சேர்ந்த குழம்பு மசாலாவுக்கோ இல்லன்னு தெளிவா எழுதிட்டாங்க. அதையும் எடுத்துட்டா வயித்துக்கு ஒண்ணுமே இல்ல, ஓவர்டைம் வேற இருக்குன்னா, சாப்பிட்டுட்டு வேலைய பாருங்க. ராத்திரி படுக்கையில உக்காந்து இயேசு சிலுவை சுமந்த வழிய நினைச்சு சொல்ற சிலுவைப்பாதை ஜெபத்துல ஒரு ஸ்தலமாவது ஜெபிங்க. அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க, நோன்பு இருக்கேன்னு.

பாசிர் ரிஸ் குமார்: மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம்.

புக்கிட் பாத்தோக் மருமக: ஆன்ட்டி, என் வீட்டுக்காரர் சீனர். 17ஆம் தேதி சீனப் புத்தாண்டு, மறுநாளே விபூதிப் புதன். ரெண்டாம் நாள் அவங்க பாட்டி வீட்ல ஸ்டீம்போட், அதாவது மேசையிலயே கொதிக்கிற சூப்புல போட்டு சாப்பிடற விருந்து, எல்லாரும் வர்றாங்க, நான் மட்டும் சாப்பிடாம உக்காந்தா தப்பா எடுத்துப்பாங்க.

இந்த மாதிரி தேதி இடிக்கறப்ப விலக்கு குடுக்குற அதிகாரம் பேராயருக்கு இருக்கு, உங்க பங்கு அறிவிப்புல என்ன போட்டிருக்கோ அதுதான் முடிவு, முதல்ல அத பாருங்க. விலக்கு இல்லன்னாலும் வழி இருக்கும்மா. அந்த ஸ்டீம்போட்டயே அன்னைக்கு உங்க ஒரே முழு சாப்பாடா வெச்சுக்கோங்க, மீன் உருண்டை, தோஃபூ, காளான், கீரை, எறா எல்லாம் எடுங்க, பன்றியும் கோழியும் வேணாம். பாட்டிக்கு தட்டு போட்டு பரிமாறுங்க, நீங்க என்ன எடுத்தீங்கன்னு யாரும் எண்ண மாட்டாங்க. சாயங்காலப் பூசைக்கு போய் சாம்பல் வாங்கிக்கலாம். நெத்தியில சாம்பலோட பாட்டி வீட்டுக்கு போகணும்னு கட்டாயம் இல்ல, புத்தாண்டு அன்னைக்கு அத சாவு அடையாளமா எடுத்துக்கற பெரியவங்க உண்டு, அவங்க மனசையும் பாக்கணும்.

தேக்கா முத்து: நான் இந்து. நீங்க புதன்கிழமை பூசுறது எங்க திருநீறு மாதிரியா?

பாக்க ஒண்ணுபோல, அர்த்தம் வேற. பழைய ஏற்பாட்டுல பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டவங்க சாக்கு உடுத்தி சாம்பல்ல உக்காருவாங்க, நினிவே நகரத்து ராஜாவே அப்படி உக்காந்தான். அந்த வழக்கம்தான் இது. மண்ணாக இருக்கிறாய் மண்ணுக்கே திரும்புவாய்னு சொல்லி பூசுவாங்க, இல்லன்னா மனம் மாறி நற்செய்திய நம்புங்கன்னு சொல்லுவாங்க. கேட்டதுக்கு சந்தோஷம் தம்பி.

ஈஸ்ட் கோஸ்ட் அருள்: மீன் ஓகேனா நண்டும் ஓகேதானே ஆன்ட்டி? வெள்ளிக்கிழமை ஆபிஸ் டீம் சில்லி கிராப் போறோம். பாவம் இல்லல்ல?

சட்டப்படி பாவம் இல்ல. ஆனா அந்த சாப்பாட்ட தவம்னு கணக்குல எழுதாதீங்க.

யீஷூன் லில்லி: ஆன்ட்டி இத இவ்ளோ சீக்கிரம் விடக்கூடாது. கோப்பிக்கடையில நாலு வெள்ளி (டாலர்) குடுத்து கோழிச்சோறு சாப்பிட்டா தப்பு, நூறு வெள்ளி குடுத்து நண்டு சாப்பிட்டா சரியா? என்ன நியாயம் இது?

ஈஸ்ட் கோஸ்ட் அருள்: அக்கா, சட்டம்னா சட்டம். திருச்சபை இறைச்சி வேணாம்னுச்சு, நான் சாப்பிடல. விலைப்பட்டியல் பாத்து சாப்பிடுன்னு எங்கயும் சொல்லல. இப்படி ஒவ்வொருத்தரும் ஒண்ணு ஒண்ணா சேத்துக்கிட்டே போனா அப்புறம் பரிசேயர்தான்.

பூன் லே தாத்தா: எங்க காலத்துல கஞ்சியும் கருவாடும்தான். நண்டுன்னா என்னான்னு கேப்போம்.

யீஷூன் லில்லி: பரிசேயர் யாரு, சட்டத்த ஓட்டை பாத்து வளைக்கிறவங்கதானே?

ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க, நான் முழுசா சொல்லிடறேன். அருள் சொல்றதுல நியாயம் இருக்கு, சட்டத்துல இல்லாதத அடுத்தவங்க தலையில யாரும் கட்டக்கூடாது. ஓட்டை தேடுறதும் இன்னைக்கு நேத்து கதையில்ல. வெனிசுவேலாவுல தண்ணியிலயே பாதி நேரம் கிடக்குதுன்னு கேப்பிபாராவ இன்னும் தவக்காலத்துல சாப்பிடுறாங்க, அது பெருச்சாளி ஜாதி மிருகம், ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். இறைச்சிய ஏன் விடச் சொன்னாங்கன்னு யோசிங்க. அந்த காலத்துல இறைச்சிங்கறது விருந்து, பணக்காரன் சாப்பாடு, மீன் ஏழை வீட்டுது. விருந்த விட்டுட்டு ஏழை சாப்பாட்ட சாப்பிடு, மிச்சமானத அவனுக்கே குடு, இதுதான் உள்ள இருக்குற விஷயம். இன்னைக்கு சிங்கப்பூர்ல விலை தலைகீழா போச்சு, அதனால சட்டத்த சரியா பிடிச்சுக்கிட்டே விஷயத்த விட்டுடலாம், லில்லிக்கு கோவம் வர்றது அங்கதான்.

விபூதிப் புதன் அன்னைக்கு வாசிக்கிற நற்செய்தி மத்தேயு ஆறு. அதுல ஆண்டவர் தர்மம், ஜெபம், நோன்பு மூணையும் ஒரே மூச்சுல சொல்றாரு, அதுவும் தர்மத்த முதல்ல சொல்றாரு. அஞ்சாம் நூற்றாண்டுல ராவென்னா ஆயரா இருந்த புனித பேதுரு கிறிசோலோகு இந்த மூணையும் யாரும் பிரிக்கக்கூடாதுன்னு பிரசங்கம் பண்ணாரு. எசாயா 58 இன்னும் காட்டமா கேக்கும், பசிச்சவனுக்கு உன் சோத்த பகிர்ந்து குடுக்கறதில்லையா நான் விரும்புற நோன்புன்னு. குடுக்காம வெறுமனே சாப்பாட்ட குறைச்சா அது டயட், ஜிம்முக்கு போற பசங்க நம்மள விட நல்லா பண்றாங்க.

எங்க வீட்ல பண்றத சொல்றேன். தவக்கால வெள்ளி ராத்திரி பச்சப்பயறு போட்டு கஞ்சி, தேங்கா தொவையல், அவ்ளோதான். மூடியில கத்தியால கீறல் போட்ட மைலோ டின் ஒண்ணு மேசை மேல இருக்கும். வழக்கமா வெள்ளிக்கிழமை வெளிய சாப்பிட என்ன ஆகுமோ அந்த காச கஞ்சி ஆறுறதுக்குள்ள டின்ல போடணும். முதல்ல பேரன் பத்து காசா போட்டான், அப்புறம் ஃபுட்கோர்ட்ல அவன் வழக்கமா வாங்குறத அவனே கூட்டிப் பாத்து ஆறு வெள்ளி அம்பது காசு போட்டான். ஈஸ்டருக்கு முன்னாடி திருச்சபை தர்மத்துக்கு காசு சேக்குற காரித்தாஸ் சேரிட்டீஸ் வீக் வரும், அந்த உறையில போயிடும், இல்லன்னா ஏழைங்களுக்கு உதவுற பங்கு வின்சென்ட் தே பால் சபைக்கு.

அருள், டீமோட போங்க, ஆபிஸ்ல முறைச்சுக்க வேணாம். நண்டுக்கு உங்க பங்கு எவ்ளோ வந்துச்சோ அதே தொகைய அன்னைக்கு ராத்திரியே யாருக்காவது குடுத்துடுங்க. முடியும்னா நண்டு சாப்பிடுங்க, முடியாதுன்னு தோணுச்சுன்னா மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடுங்க.

ஈஸ்ட் கோஸ்ட் அருள்: சரி ஆன்ட்டி. இது கணக்கு புரியுது.

ஜூரோங் பிரதர்: ஆன்ட்டி, லெந்து, அதான் உங்க தவக்காலம், பைபிள்ல எங்க இருக்கு? மனுஷன் உண்டாக்குனதுதானே?

40 நாள் லெந்துன்னு பைபிள்ல வசனம் இல்ல, உண்மை. மணமகன் எடுக்கப்படுற நாள் வரும் அப்ப நோன்பு இருப்பாங்கன்னு மத்தேயு ஒம்பதுல ஆண்டவரே சொல்லியிருக்காரு. ஆரம்பத்துல ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டு நாள்னு ஊருக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, 325ல ஆயருங்க எல்லாம் சேர்ந்து நீசேயா சங்கம் கூடுறப்ப ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பதுன்னு சட்டத்துலயே பேசுற அளவுக்கு வேரூன்றிடுச்சு. உங்க கேள்வியும் பழசுதான் பிரதர், 1522ல சூரிச் நகரத்துல ஒரு அச்சகக்காரர் வீட்ல லெந்து நாள்ல வேணும்னே சாசேஜ் சாப்பிட்டு பெரிய கலாட்டாவே ஆச்சு, நோன்பு அவங்கவங்க இஷ்டம்னு அந்த ஊரு சீர்திருத்த போதகர் ஸ்விங்ளி அதுக்கு ஆதரவா பிரசங்கம் பண்ணாரு. அதே நேரம் மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி புதன் வெள்ளி நோன்பு இருந்தவரு. இஷ்டமா எடுத்து செய்யறவங்கள வசனம் எங்கன்னு கேட்டு மடக்காதீங்க, நாங்களும் நீங்க ஏன் செய்யலன்னு கேக்க மாட்டோம்.

உட்லண்ட்ஸ் மேரி: மீன் சாப்பிடலாமா ஆன்ட்டி? முட்டை?

மேல பாசிர் ரிஸ் குமாருக்கும் துவாஸ் தம்பிக்கும் எழுதினத படிங்க.

அங் மோ கியோ ஸ்டெல்லா: என் பொண்ணுக்கு ஒம்பது வயசு, அவளும் ஒருசந்தி இருப்பேன்னு அடம் புடிக்கிறா.

விடாதீங்க, வளர்ற பிள்ளை. பபிள் டீ விடட்டும், அந்த காச டின்ல போடட்டும். ஸ்கூல்ல ரமதான் நோன்பு இருக்குற மலாய்ப் பிள்ளைங்க இருப்பாங்க, இந்த வருஷம் ரெண்டும் ஒரே வாரத்துல ஆரம்பிக்குது, அவங்களோட போட்டி போட வேணாம்னும் சொல்லி வைங்க.

பெடோக் அந்தோணி: நான் சாக்லேட் விட்டிருக்கேன், ஞாயிறு சாப்பிடலாமா? ஞாயிறு கணக்குல வராதாமே?

இது எத்தன பேருக்கு சொல்றது. ஞாயிறு ஒருசந்தி நாள் இல்ல, ஆனா தவக்காலத்துக்குள்ளதான் இருக்கு, பூசையில ஊதா உடுப்புதானே, அல்லேலூயா பாடறதில்லதானே? நீங்களா விட்டது உங்களுக்கும் கடவுளுக்கும் உள்ள பேச்சு, நான் நடுவுல வர மாட்டேன்.

சுவா சூ காங் ராயப்பன்: எனக்கு 56, இன்சுலின் போடுறேன். 59 வரைக்கும் கட்டாயம்னு சொல்லிட்டீங்களே?

ஐயா, முதல்லயே எழுதினேன், திரும்பவும் எழுதுறேன். நோயாளிக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லவே இல்ல. இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் சடார்னு இறங்கும், கோவில்லயே மயங்கி விழுந்தவங்கள பாத்திருக்கேன். வேளாவேளைக்கு சாப்பிடுங்க, டிவி சீரியல ஒரு மணி நேரம் நிறுத்திட்டு ஜெபமாலை சொல்லுங்க. இத படிக்கிற பிள்ளைங்க உங்க அப்பா அம்மா மாத்திரைப் பெட்டிய இன்னைக்கே பாருங்க, உங்களுக்கு தெரியாம நோன்பு இருப்பாங்க.

ஹவ்காங் டேவிட்: பெரிய வெள்ளி பூசை எத்தன மணிக்கு?

அன்னைக்கு பூசையே கிடையாது தம்பி, வருஷத்துல அந்த நாளும் மறுநாள் பகலும் எந்த கத்தோலிக்க கோவில்லயும் பூசை வைக்க மாட்டாங்க. திருப்பாடுகள் வழிபாடு, பொதுவா மத்தியானம் மூணு மணி சுமாருக்கு. தமிழ்ல வேணும்னா ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவில் நேரத்த பாருங்க, சீக்கிரம் போங்க, ரோடு வரைக்கும் கூட்டம் நிக்கும். பாவசங்கீர்த்தனத்த பெரிய வாரம் வரைக்கும் தள்ளாதீங்க, லைன் தாங்காது.

டோ பாயோ செல்வி: போன வருஷ குருத்தோலை ஞாயிறுக்கு கோவில்ல குடுத்த ஓலை சிலுவைப்படத்துக்கு பின்னாடி காஞ்சு போய் இருக்கு, என்ன பண்றது?

விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறுங்கள்ல கோவில் வாசல்ல கூடை வெச்சிருப்பாங்க, கொண்டுபோய் போட்டுடுங்க, அத எரிச்சுதான் சாம்பல் எடுக்குறாங்க. குப்பைக் குழாய்ல மட்டும் போட்டுடாதீங்க.