பாப்பாவுக்குப் பெயர் எங்கே?

கேள்வி: மண்டபம் முகாமில் இருக்கிறோம். 2022இல் மன்னாரிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கினோம். இன்னும் அகதிப் பதிவு ஆகவில்லை. 17 வயது மகன் பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டான். "படிச்சு என்ன, பதிவே வரேல்லையே" என்று சொல்லிவிட்டு, கரையில் நண்டு வலை பிரிக்கப் போகிறான். பாப்பா இங்கே பிறந்தாள், மூன்று வயது. பதிவு வந்ததும் போடலாம் என்று பிறப்புச் சான்றில் அவள் பெயரை இன்னும் ஏற்றவில்லை. முடிவு எப்போது வரும்? மகனை எப்படித் திருத்துவது?

பதில்: தேதி யாராலும் சொல்ல முடியாது அம்மா. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இத்தனை மாதத்தில் முடிவு என்று இங்கே சட்டமும் இல்லை. பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு இலங்கைத் தமிழருக்குத் தந்த விலக்கும் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவானவர்களுக்குத்தான்.

மகன் இருக்கட்டும். பெயர் ஏற்றவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அது என்ன நியாயம்? பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க எந்த அதிகாரி உத்தரவு தர வேண்டும்? நீங்களே எல்லாவற்றையும் பதிவின் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவனும் அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்தான்.

பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணமே இல்லை. இப்போதும் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சான்றில் கையெழுத்திட்ட பதிவாளரிடம் அசலோடு போங்கள். ஏறிய பெயரை லேசில் மாற்ற விடமாட்டார்கள், எழுத்தைப் பார்த்துக் கொடுங்கள். கணவர் பெயரையும் சரிபாருங்கள். ஆஸ்பத்திரியில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். இங்கே இனிஷியல், அங்கே தகப்பன் முழுப் பெயர். அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றோடு ஓர் எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் அடுத்த மேசையில் நிறுத்திவிடுவார்கள்.

அந்த மேசை சென்னையில், இலங்கைத் துணைத் தூதரகத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 3க்குப் பின் இங்கே பிறந்ததால் மட்டும் இந்தியக் குடியுரிமை வராது. இலங்கைக் குடிமகளாகவும் பதியாவிட்டால் அவள் எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. ஓராண்டுக்குள் பதிவது முறை, தாண்டினாலும் விண்ணப்பிக்கலாம். உங்கள் இருவரின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று வேண்டும். கையில் இல்லையென்றால் மன்னாரில் உள்ள சொந்தக்காரரைப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.

வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தாலே இந்தியக் குடியுரிமை உண்டு; அவர் அப்படிப் பிறந்தவர் என்று காட்டியது பிறப்புச் சான்றுதான்.

மகனைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றோடு தலைமை ஆசிரியரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். டி.சி. வாங்காமல் நின்றிருந்தால் திரும்பச் சேர்ப்பது சுலபம். கரை வேலை விடுமுறையில் பார்க்கட்டும், படகில் மட்டும் ஏற்றாதீர்கள். எல்லை தாண்டிப் பிடிபட்டால், மீனவர் அட்டை இல்லாத இலங்கைப் பையன் இரண்டு கரைக்கும் என்ன பதில் சொல்வான்?

கடிதம் முழுக்க 'பாப்பா' என்றுதான் இருக்கிறது. என்ன பெயர் யோசித்திருக்கிறீர்கள் என்றுகூட எழுதவில்லை. இன்று ராத்திரி அண்ணனைக் கேளுங்கள். மனுவையும் அவனே எழுதட்டும்.